கொல்லர் மகனும் துரு நீக்கும் மின்சாரமும்



மத்தேயு நற்செய்தி 6-ஆம் பிரிவில், மண்ணுலகில் செல்வம் சேர்ப்பதைப் பற்றிப் பேசும் இயேசு, அந்தச் செல்வத்தை அழிப்பவற்றுள் துருவையும் சேர்த்துச் சொல்கிறார். திருடன் என்றோ ஒரு நாள் வருவான். துருவோ ஒவ்வொரு நாளும் வேலை செய்யும். இரும்பை ஈரக்காற்றில் விட்டுவிட்டால் போதும், அது தானாகவே கரைந்துகொண்டிருக்கும்.

இந்த நற்செய்திப் பகுதியை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நம்பிய ஒரு சிறு கிறிஸ்தவச் சபையில் பிறந்து, பணம் சேர்ப்பதைத் தம் குறிக்கோளாக வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தார் ஒரு மனிதர். இரும்பில் பிடித்த துருவை மின்சாரத்தால் வீட்டிலேயே நீக்கும் முறைக்கு அடிப்படையான விதிகளைக் கண்டறிந்தவரும் அவரே. அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இன்று லண்டன் மாநகருக்குள் அடங்கியுள்ள நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் ஃபாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லர். அடிக்கடி நோயில் விழுந்ததால் அவரால் பட்டறை வேலையைத் தொடர்ந்து செய்ய முடியவில்லை. 1801-இல் தானிய விலை ஏறியபோது, ஒரு வாரம் முழுவதற்கும் சிறுவன் மைக்கேலுக்குக் கிடைத்த பங்கு ஒரே ஒரு ரொட்டி என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கு புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். பயிற்சிக் காலம் 7 ஆண்டுகள். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டியதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. முதலாளி தடுக்கவில்லை.

1812-இல், இன்னும் பயிற்சித் தொழிலாளியாக இருந்தபோதே, செப்புக் காசுகளையும் துத்தநாகத் தகட்டு வில்லைகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத்தை வைத்து, தாமே ஒரு சிறு மின்கலம் செய்தார். அதன் கம்பிகளைப் பேதி உப்புக் கரைசலில் விட்டபோது குமிழிகள் கிளம்பின. மின்சாரம் அந்த உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தது. இதையே நம் பாடநூல்கள் மின்னாற்பகுப்பு என்கின்றன.

ஆசிரியரும் மாணவரும்

அதே ஆண்டில், கடைக்கு வரும் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டுகளால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு உரைகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதி, அழகாகப் புத்தகமாகக் கட்டி, டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச் மாதம் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது.

அதே ஆண்டு இறுதியில் டேவியும் அவருடைய மனைவியும் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார்கள். டேவியின் பணியாள் வர மறுத்துவிட, ஆய்வு உதவியாளராகப் போன ஃபாரடே பணியாள் வேலையையும் சேர்த்துச் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. ஆயினும் அந்தப் பயணத்தில்தான், 1814-இல், உலகின் முதல் மின்கல அடுக்கை உருவாக்கிய அலெஸாந்த்ரோ வோல்டாவை மிலான் நகரில் சந்திக்கும் பேறு பெற்றார். வோல்டா ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

இரும்பின் மீது ஒரு கண்

கொல்லர் மகனுக்கு இரும்பு மறக்கவில்லை. 1818 முதல், ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் கத்தி செய்பவரோடு சேர்ந்து எஃகு ஆய்வில் இறங்கினார். ஆய்வுக்கு வந்தவற்றுள் ஒன்று, அன்று ஐரோப்பாவில் 'ஊட்ஸ்' என்று பெயர் பெற்றிருந்த இந்திய எஃகு. தென்னிந்தியாவில் உருவான இந்த எஃகின் பெயர், உக்கு, உருக்கு என்னும் நம் தென்மொழிச் சொற்களிலிருந்து வந்தது என்பர். அதன் உறுதியின் இரகசியத்தை அறிய ஃபாரடே 1819-இல் அதைப் பகுத்தாய்ந்தார். பிறகு எஃகோடு நிக்கல், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றைக் கலந்து பார்த்தார்கள். நன்றாக வெட்டும் எஃகு வேண்டும், எளிதில் துருப்பிடிக்காத எஃகும் வேண்டும் என்பதே அவர்கள் தேடல்.

அடுத்து, கடல்நீர் அரித்த போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க டேவி ஒரு வழி கண்டார். அந்த ஆய்வுகளில் ஃபாரடேயும் உதவினார். செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்துவிட்டால், அந்தச் சிறு உலோகம் தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும். காப்பாற்றப்பட்ட செம்பில் கடல் சிப்பிகள் ஒட்டிக்கொண்டதால் கடற்படை அதைக் கைவிட்டது. ஆனாலும் ஒன்று தேய்ந்து மற்றொன்றைக் காக்கும் அந்த முறை மறையவில்லை. இன்றும் எஃகுக் கப்பல்களின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

எல்லாருக்கும் பொதுவான விதி

1833, 1834-ஆம் ஆண்டுகளில் ஃபாரடே மின்னாற்பகுப்பின் விதிகளை நிறுவினார். எவ்வளவு மின்சாரம் பாய்ந்ததோ அவ்வளவு வேலைதான் நடக்கும் என்பதே முதல் விதியின் சாரம். இரண்டு மடங்கு பொருள் பிரிய வேண்டுமானால் இரண்டு மடங்கு மின்சாரம் பாய வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

புதிய அறிவுக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் முதலியோரின் உதவியோடு கிரேக்க மொழியிலிருந்து ஆனோடு, கேதோடு, அயனி ஆகிய சொற்களை அமைத்தார். இன்று நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடநூலில் படிக்கும் அயனி, அந்தக் கொல்லர் மகன் உலகுக்குத் தந்த சொல்தான்.

வீட்டில் துரு நீக்குவது எப்படி?

துருப்பிடித்த இரும்புச் சாமானைக் காப்பாற்ற விரும்புவோர் இன்று கையாளும் முறை இதுதான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவு சலவை சோடா கரைக்க வேண்டும். சமையல் உப்பைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். துருப்பிடித்த பொருளை ஒரு பக்கமும், வேண்டாத பழைய இரும்புத் துண்டை மறுபக்கமும், ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பொருளோடும், நேர்முனையைப் பழைய இரும்போடும் இணைக்க வேண்டும். இதை மாற்றி இணைத்தால், காக்க வேண்டிய பொருளே கரைந்துபோகும்.

மின்சாரம் பாயத் தொடங்கியதும் குமிழிகள் எழும். அவற்றில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் இருப்பதால், திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், பிள்ளைகள் நெருங்காதபடி செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் நேரடியாகத் தண்ணீருக்குள் கொடுக்கக் கூடாது. சார்ஜரை நிறுத்தாமல் வாளிக்குள் கை வைக்கவும் கூடாது. பழைய இரும்புக்குப் பதிலாக எவர்சில்வர் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். அலுமினியப் பொருள்களுக்கும், அழுத்தம் தாங்கும் சுருள்வில்களுக்கும் இந்த முறை ஆகாது.

சில மணி நேரத்தில், துரு அதிகமானால் ஓர் இரவில், சிவந்த துரு கறுத்து, இளகி, தூரிகையால் தேய்த்தாலே வந்துவிடும். அடியில் உள்ள நல்ல இரும்புக்குச் சேதம் இல்லை. உப்புத்தாளால் சுரண்டும்போது துருவோடு நல்ல இரும்பும் போகும். இதில் அப்படிப் போவதில்லை. மறுபக்கம் தொங்கும் பழைய இரும்போ அரிக்கப்பட்டுத் தேய்ந்திருக்கும்.

இரண்டு உண்மைகளை மறக்கக் கூடாது. துரு ஏற்கனவே தின்றுவிட்ட இடம் நிரம்பாது. குழி குழியாகவே இருக்கும். கழுவிய பொருளை உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால், சில மணி நேரத்திலேயே புதுத் துரு எட்டிப்பார்க்கும்.

மனத்தில் துரு ஏறாத மனிதர்

ஃபாரடேயின் வாழ்விலும் கசப்புகள் குறைவில்லை. 1821-இல் அவர் செய்த பெரும் கண்டுபிடிப்பை, மற்றொருவர் கருத்தைத் திருடியது என்றார்கள். அவரை வளர்த்த டேவியே, ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்துகொண்டு, அவர் அதன் உறுப்பினராவதை எதிர்த்தார். 1824 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஓர் எதிர் வாக்கோடு ஃபாரடே தேர்வானார். 1829-இல் டேவி இறந்த பின்னரும் தம் ஆசிரியரைப் பற்றி மரியாதையுடனேயே பேசினார்.

அவர் சார்ந்திருந்த சாண்டிமேனியர் சபை அவரை 1840-இல் மூப்பராக்கியது. 1844-இல் சில வாரங்கள் விலக்கியும் வைத்தது. ஐரோப்பா முழுவதும் போற்றிய அறிஞர் அந்தச் சிறு கூட்டத்தின் தீர்ப்புக்குப் பணிந்து, காத்திருந்து, மீண்டும் அதே சபையில் அமர்ந்தார். 1860-இல் மறுபடியும் மூப்பரானார்.

தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லி 1830-இல் ஆண்டுக்கு 1000 பவுனுக்கு மேல் ஈட்டிய அவர், ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று அந்த வருமானத்தைத் தாமே குறைத்துக்கொண்டார் என்று அவரோடு பழகிய டிண்டால் எழுதியுள்ளார். சர் பட்டத்தை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியும் வேண்டாம் என்றார். சிறுவர்களுக்கான கிறிஸ்மஸ் கால அறிவியல் உரைகளை மட்டும் 19 ஆண்டுகள் ஆர்வத்தோடு ஆற்றினார்.

முதுமையில் நினைவாற்றல் அவரைக் கைவிட்டது. 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி விக்டோரியா தந்த வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரியவர்கள் நடுவே அடக்கம் செய்யப்படுவதை அவர் விரும்பவில்லை. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய கல் ஒன்றின் கீழ் துயில்கிறார்.

அன்பர்களே, மனத்தாங்கலும் துரு போலத்தான். யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல், நாம் கவனிக்காத நாள்களில் நம்மைத் தின்றுகொண்டிருக்கும். போன ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. குழி குழியாகவே நிற்கும். ஆனால் மிச்சமிருக்கும் நல்ல இரும்பைக் காப்பாற்ற முடியும். அது ஒரு நொடியில் நடக்காது. பாய வேண்டிய அளவு பாய வேண்டும். யாராவது ஒருவர் கொஞ்சம் தேய்ந்துகொடுக்கவும் வேண்டும். நம் குடும்பத்தில் அந்த ஒருவர் யார் என்று இந்த வாரம் சிந்திப்போம்.