கலர் மெழுகுவத்தி செய்றீங்களா? 102 வயது வரை வாழ்ந்த இந்தத் தாத்தாவைத் தெரிஞ்சுக்கோங்க!

வீட்டிலேயே மெழுகுவத்தி செய்பவரா நீங்கள்? மெழுகு உருகும்போது ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்திருப்பீங்க. சாயம் நல்லா கரையவும், மெழுகுவத்தி கெட்டியாக நிற்கவும் உதவுவது அதுதான். அதைக் கண்டறிந்து பெயரும் வைத்தவர், பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் யூஜின் ஷெவ்ரல்.

1786-ல் ஆன்ஜே நகரில் பிறந்தவர். அப்பா டாக்டர். 17 வயதில் வேதியியல் படிக்க பாரிஸ் போனார். அந்தக் காலத்தில் சாதாரண வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு மெழுகுவத்தி. ஒரே புகை, நாற்றம்! தேன்மெழுகு வாங்க வசதி வேணும்.

சோப்பை ஆராயத் தொடங்கிய ஷெவ்ரல், கொழுப்புக்குள் என்னென்ன அமிலங்கள் இருக்குன்னு வருஷக்கணக்கில் பிரித்துப் பார்த்தார். 1825-ல் கே-லுசாக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, அந்த அமிலத்தில் மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். புகை குறைவு, வெளிச்சம் அதிகம். ஆனால், பிசினஸ் படுத்துவிட்டது. பிறகு அதே வழியில் ஜெயித்தவர்கள் வேறு ஆட்கள்.

மனிதர் முடங்கிப்போகவில்லை. 1824-லேயே பாரிஸின் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராகியிருந்தார். அங்கே ஒரு புகார் வந்தது: கறுப்பு நூல் வெளிறித் தெரியுதாம். சோதித்துப் பார்த்தால், சாயத்தில் குறையே இல்லை! பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. அடுத்தடுத்து வைக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்பதை 1839-ல் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஓவியர் சோரா வரை அதன் தாக்கம் போனது.

1889 ஏப்ரலில், 102 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஈஃபிள் டவர் திறக்கப்பட்டிருந்தது. அதில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் இவர் பெயரும் உண்டு.

அடுத்த முறை மெழுகுவத்திக்கு நிறம் போடும்போது, தண்ணீரில் கரையும் ஃபுட் கலர் வேண்டாம், மெழுகோடு சேராது. க்ரேயானும் வேண்டாம், திரியை அடைக்கும். மெழுகுக்கான சாயமே வாங்குங்க. ஆறிய பிறகு நிறம் டல்லா தெரிஞ்சா, உடனே இன்னும் சாயம் கொட்டாதீங்க. முதலில் மெழுகுவத்தியை வேறு நிறத் தட்டில் வைத்துப் பாருங்க. குறை சாயத்தில் இல்லாமலும் இருக்கலாம்!