சிறுவாணிக்கு வழி சொன்ன பத்திரிகைக்காரர்

நம்ம பல்லடத்துல பஸ் ஏறி திருச்சி ரோடு வழியா கோவை போறவங்க எல்லாருக்கும் டவுன்ஹால் ஸ்டாப் தெரியும். அந்தப் பேருக்குக் காரணமான கட்டடம், 1892-ல் கட்டி முடிச்ச விக்டோரியா ஹால். இன்னைக்கும் மாநகராட்சிக் கூட்டம் நடக்கிற இடம் அதுதான். அது எழும்புறதுக்கு ஊர் ஊரா வசூல் பண்ணி முன்னால நின்னவர் ஒரு பத்திரிகைக்காரர். பேரு சே.ப. நரசிம்மலு நாயுடு.

1854-ல் பிறந்தவர். வீட்டுல பேசுற மொழி தெலுங்கு, எழுதிக் குவிச்சது தமிழில். சேலத்தில் ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்துட்டு கோவைக்கு வந்தார். 1879-ல் கோயமுத்தூர் அபிமானி, அப்புறம் கோயமுத்தூர் கலாநிதி என்று தமிழிலேயே பத்திரிகைகள் தொடங்கினார். கூடவே அச்சுக்கூடம், புத்தகங்கள், பிரம்ம சமாஜப் பணி. 1885-ல் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு கூடினப்ப, கோவையிலிருந்து போனவரும் இவர்தான்.

அப்போ கோவை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நகராட்சி 1866-லயே வந்தாச்சு. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. அதை ஸ்டேன்ஸ் தொடங்கினப்ப நரசிம்மலு நாயுடுவும் துணை நின்னார். ஆனா குடிக்கிற தண்ணிக்கு ஊர்ல வழியில்லை. கிணறும் குளமும்தான் கதி. மழை பொய்ச்சா ரெண்டும் வத்திடும். 1876-லிருந்து 1878 வரைக்கும் வந்த தாது வருஷப் பஞ்சம் கொங்கு நாட்டைப் போட்டுத் தாக்கினது. அதைப் பார்த்த தலைமுறை அவருடையது.

மில்லும் வந்தாச்சு, ஜனமும் பெருகுது, தண்ணி எங்கே? இந்தக் கேள்வியை அவர் எழுதிட்டு மட்டும் விட்டுடல. மேற்கே மலைக்காட்டுக்குள்ள போய் ஆறுகளையும் அருவிகளையும் தேடிப் பார்த்தார். முத்திக்குளம் அருவிப் பக்கம் சிறுவாணித் தண்ணி வீணா ஓடுறது கண்ணில் பட்டது. அதைக் கிழக்கே திருப்பி கோவைக்குக் கொண்டுவரலாம்னு 1889-ல் யோசனை வைத்தார்.

நம்ம மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். மலை உயரத்தில் இருக்கு, ஊர் கீழே இருக்கு. நடுவில் நிற்கிற மலையைக் குடைந்துவிட்டால் போதும். பம்ப் இல்லாமலே ஈர்ப்பு விசையில் தண்ணி இறங்கி வரும். யோசனை என்னவோ சுலபம்தான். ஆனா காட்டுக்குள்ள சுரங்கம் வெட்டணும், மைல் கணக்கில் குழாய் பதிக்கணும், அதுக்கெல்லாம் பணம் வேணும். சின்ன நகராட்சியின் வரி வருமானத்தில் அது எட்டாத செலவு. திட்டம் வருஷக்கணக்கா கிடப்பில் கிடந்தது.

அவரும் கிடப்பில் போடல. டவுன்ஹால் கட்டினார், பத்திரிகை நடத்தினார், பயண நூல் எழுதினார். தண்ணிப் பேச்சு ஊரில் அணையாமல் இருந்ததுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம். ஒரு பத்திரிகையும், நாலு பேர் கூடி வாதாட ஒரு மண்டபமும் இருந்தாத்தான் கோரிக்கைக்கு உயிர் இருக்கும். ரெண்டையும் அவர் முதல்லயே உண்டாக்கி வச்சிருந்தார்.

1922-ல் நரசிம்மலு நாயுடு காலமானார். சிறுவாணித் தண்ணி கோவைக்கு வந்ததை அவர் பார்க்கல. அதுக்கப்புறம் சில வருஷம் கழிச்சுத்தான், சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், திட்டம் நிறைவேறியது. ஆர்.எஸ். புரம் என்கிற பேரில் இருக்கிற அந்த ரெண்டு எழுத்து இவருடையதுதான். கட்டி முடிச்சவர் பேர் ஊருக்கு நிலைச்சுது, அதுவும் நியாயம்தான். முதல்ல வழி சொன்னவரை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பல்லடம் அன்னைக்கு கோவை மாவட்டத்தில் ஒரு தாலுகா. திருப்பூரே அதுக்குள்ளதான் அடங்கியிருந்தது. இன்னைக்கு நமக்கும் நகராட்சி இருக்கு, விசைத்தறி இருக்கு, குழாயில் எப்ப தண்ணி வரும்ங்கிற கேள்வியும் இருக்கு. அதைப் பத்தி டீக்கடையில பேசுறவங்க நிறையப் பேர். தண்ணி எங்கேயிருந்து, எந்த வழியா, என்ன செலவில் வரும்னு போய்ப் பார்த்து, எழுதி, நகராட்சி மேசையில் வைக்கிற ஆள்தான் குறைவு. அந்த வேலைக்கு டிகிரி கூட வேண்டியதில்லைன்னு காட்டிட்டுப் போனவர் இவர். நம்ம கையில் டிகிரியும் வரப்போகுதுங்க.