ஐசுவரியமும் அரியணையும்
மாறவர்மன் குலசேகர பாண்டியன் சரித்திரம்



ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டிய நாட்டை ஆண்ட மாறவர்மன் குலசேகரனைப் போல் பொருள் குவித்த அரசர் தமிழ் நாட்டில் வெகு சிலரே. அவ்வளவு பொருளும் ஒரே ஆண்டிற்குள் சிதறிப்போன விதம் நாம் அறிந்திருக்க வேண்டியது.

இவன் 1268-ஆம் ஆண்டில் பட்டமேறி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டான். 1279-ல் ஹொய்சள இராமநாதனும், சோழ குலத்தின் கடைசி வேந்தனான மூன்றாம் இராஜேந்திரனும் இவனிடம் தோற்றார்கள். அத்துடன் சோழப் பேரரசு முடிந்தது. கொல்லத்தை வென்றதால் இவனுக்குக் கொல்லங்கொண்டான் என்ற பட்டப்பெயர் உண்டாயிற்று. இவன் சேனாதிபதியாகிய ஆரியச்சக்கரவர்த்தி இலங்கைக்குச் சென்று, அந்நாட்டார் உயிரினும் மேலாய்ப் போற்றும் புத்தரின் தந்தச் சின்னத்தைக் கொண்டுவந்தான். பின்னர் இலங்கை மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியனிடம் வந்து, பணிந்து கேட்டு, அதை மீட்டுச் சென்றான்.

பாண்டியனின் செல்வத்துக்கு ஊற்றுக்கண் கடல். தாமிரவருணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்திற்கு அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. அங்கே வணிகர்களுக்கு நீதி வழங்கப்பட்டதால் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்று வெனீஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். முத்துக் குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சேர்ந்தது. பெரிய முத்துக்கள் நாட்டைவிட்டு வெளியேறலாகாது. கொண்டுவருபவருக்கு அரசன் இரட்டிப்பு விலை கொடுத்தான்.

அரையில் ஒரு துணி மட்டும் உடுத்திய அரசன் மேனியெல்லாம் மணிகள் அணிந்திருந்ததைப் போலோ வியந்து குறிக்கிறார். கழுத்தில் தொங்கிய பட்டுக் கயிற்றில் 104 முத்துக்களும் மாணிக்கங்களும் கோத்திருந்தன. நாம் செபமாலை உருட்டுவது போல, அவற்றை எண்ணி நாள்தோறும் அத்தனை முறை செபம் சொல்வது அரச வழக்கம்.

இந்தப் பொன்னில் பெரும்பகுதி குதிரைகளுக்குச் செலவாயிற்று. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்திறங்கின என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக ஆசிரியர் வாசாப் கணக்குச் சொல்கிறார். ஆனால் லாடம் அடிக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர் இல்லாமையால் பெரும்பாலானவை மாண்டன. மறு ஆண்டில் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.

இவன் காலத்திலேயே, 1291-ஆம் ஆண்டையொட்டி, பிரான்சிஸ்கு சபைத் துறவியான மொந்தேகொர்வீனோ அருளப்பர் சுவாமியார் சீன தேசத்திற்குப் போகும் வழியில் இங்கே 13 மாதங்கள் தங்கினார். ஏறக்குறைய நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடன் வந்த சாமிநாதர் சபைத் துறவியான நிக்கொலாஸ் சுவாமியார் இங்கேயே மரித்து, அர்ச். தோமையார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

தகப்பன் வைத்துப்போன பொக்கிஷத்தை மகன் தொடுவதில்லை, தானும் அவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதே இந்நாட்டு அரசர்களின் நோக்கம் என்று போலோ சொல்கிறார். அக்காலத்தில் பாண்டிய நாட்டை அரச குலத்துச் சகோதரர் ஐவர் பங்கிட்டு ஆண்டனர். அவர்கள் போருக்கு எழும்போதெல்லாம், பாலூட்டிய தன் மார்பையே அறுத்துக்கொள்வேன் என்று தாய் கத்தியோடு குறுக்கே நிற்பாளாம். அவள் காலத்திற்குப்பின் இவர்கள் ஒருவரையொருவர் அழிப்பார்கள் என்று போலோ அஞ்சினார்.

அந்த அழிவு குலசேகரன் வீட்டிலேயே வந்தது. அவனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்று இரு புதல்வர். சுந்தரன் பட்டத்தரசியின் மகன். வீரன் அப்படிப்பட்டவன் அல்லன். எனினும் தந்தை வீரனையே விரும்பி, அவனை வாரிசாக்கினான். மனம் கொதித்த சுந்தரன் 1310-ல் தந்தையைக் கொன்று முடி சூடினான் என்று வாசாப் எழுதியிருக்கிறார். அரசனது பொக்கிஷத்தில் 1,200 கோடி பொன் இருந்ததாகச் சொல்பவரும் அவரே. ஆனால் அத்தனை பொன்னும் பெற்ற மகன் கையிலிருந்து அவனைக் காக்கவில்லை.

சகோதரர் போரிட்டுக்கொண்டிருக்கையில், 1311-ல் தில்லிச் சேனாபதி மாலிக் காபூர் தெற்கே நுழைந்தான். 612 யானைகளும் 20,000 குதிரைகளும் தில்லிக்குப் போயின என்று பரணி என்பவரும், 512 யானைகளும் 5,000 குதிரைகளும் என்று அமீர் குஸ்ரு என்பவரும் எழுதுகிறார்கள். எந்தக் கணக்கு சரியாயினும், பாண்டியர் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. ஜெர்மனியில் பவேரியாவின் லாண்ட்ஸ்கூட் நகரிலிருந்து ஆண்ட பிரபுவான ஜார்ஜ், செல்வர் என்றே பெயர் பெற்றவர். ஆண் வாரிசு இல்லாமையால், குல உடன்படிக்கைக்கு மாறாக, மகள் எலிசபெத்துக்கு நாட்டை எழுதிவைத்து 1503-ல் இறந்தார். உறவினர் எதிர்த்தனர், போர் மூண்டது. மறு ஆண்டிலேயே மகளும் மருமகனும் மாண்டார்கள்.

குலசேகரன் எதிரிகளை வென்றான், வணிகரை நீதியாய் நடத்தினான், பொக்கிஷத்தை நிரப்பினான். பிள்ளைகள் இருவரையும் ஒன்றாய் உட்காரவைத்துச் சமாதானம் பண்ணும் காரியம் ஒன்றே அவனால் ஆகவில்லை. நம் வீடுகளில் பங்கிட இருப்பது அரைக்காணி நிலமும் ஓர் ஓட்டு வீடுமாக இருக்கலாம். ஆயினும் தாய் தகப்பன் உயிரோடிருக்கையிலேயே நியாயமாய்ப் பேசி முடித்துவிடுவது நல்லது.