துப்பாக்கியில் ஓர் எழுத்தாக நிற்பவர்

அரும்பொருளகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்தால், பக்கத்திலுள்ள குறிப்பைப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். அடுத்த முறை துப்பாக்கியையே படித்துப் பாருங்கள். அது லீ-என்ஃபீல்டாக இருந்தால், மரக்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் வலப்பக்கமாக ஒரு மகுடம் செதுக்கப்பட்டிருக்கும். அதன் கீழே மன்னரின் பெயரெழுத்துகள், செய்த ஆலை, ஆண்டு, பிறகு ரகம். ரகத்தைக் குறிக்கும் சுருக்கத்தில் வரும் 'எல்' என்ற ஒற்றை எழுத்துதான் ஜேம்ஸ் பாரிஸ் லீ.

லீ 1831ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பம் கனடாவின் கால்ட் நகருக்குக் குடியேறியது. தந்தை கடிகாரம் பழுதுபார்ப்பவர். சிறு பற்சக்கரங்களுக்கும் சுருள்வில்களுக்கும் நடுவில் வளர்ந்த பையன், 12 வயதில் தந்தையின் பழைய கைத்துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்து, வாதுமை மரத்தில் தானே கட்டை செதுக்கி, முதல் துப்பாக்கியைச் செய்தான். அது அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. அந்தப் பித்து மட்டும் போகவில்லை.

பெரியவனானதும் சொந்தக் கடை, திருமணம், பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வடிவமைத்த குறுந்துப்பாக்கியில் ஆயிரம் வாங்க அமெரிக்க ராணுவம் ஒப்பந்தம் போட்டது. அதை நம்பி மில்வாக்கியில் ஆலை தொடங்கினார். செய்துகொண்டுபோனால், குழலின் அளவு தாங்கள் கேட்டதில்லை என்று ராணுவம் ஏற்க மறுத்துவிட்டது. ஓர் அங்குலத்தில் சில நூறில் பங்குதான் வித்தியாசம். போரும் முடிந்துவிட்டது. கட்டுமானத் திட்டத்தில் ஓர் எண்ணைத் தவறாகப் போட்ட பொறியியல் மாணவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அவருடைய பெயர் நிலைக்கக் காரணமான யோசனை 1879ல் காப்புரிமை பெற்றது. அதுவரை பல தோட்டாக்கள் நிரப்பும் துப்பாக்கிகளில், அவை ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் கிடந்தன. ஒன்றின் கூர்முனை முன்னால் இருப்பதன் அடிப்பாகத்தை இடித்து வெடித்துவிடும் அபாயம் அதில் உண்டு. லீ தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தாழ்க்கு நேர்கீழே ஒரு தகரப்பெட்டி, அதனுள் ஒரு வில். தாழை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டாவை வில் மேலே கொடுக்கும். தேசிய சேவைக்குப் போய்வந்தவர்கள் கையாண்ட தோட்டாப்பெட்டியும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. எனக்கு இதில் தெரிவது கடிகாரக் கடைப் பையனின் மூளை.

அப்போதும் சோதனை தீரவில்லை. இதைச் செய்துதர முன்வந்த ஷார்ப்ஸ் நிறுவனம் விரைவிலேயே மூடப்பட்டது. ரெமிங்டன் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பெரிய வாய்ப்பு கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. பல சோதனைகளுக்குப் பிறகு பிரிட்டன் 1888ல் லீயின் இயக்கமுறையையும் தோட்டாப்பெட்டியையும் ஏற்றது. குழலின் உட்புற வரிகள் மெட்ஃபோர்டு என்பவருடையவை, அதனால் லீ-மெட்ஃபோர்டு. கருமருந்துக்குப் பதில் கார்டைட் வந்ததும், அதன் சூட்டில் ஆழமில்லாத அந்த வரிகள் தேய்ந்தன. என்ஃபீல்டு அரசு ஆலை ஆழமான வரிகளை வடிவமைத்தது. 1895 முதல் பெயர் லீ-என்ஃபீல்டு. மெட்ஃபோர்டின் பெயர் போய்விட்டது, லீயின் பெயர் தங்கியது.

லீ 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் காலமானார். இரண்டு உலகப் போர்களையும் அவர் பார்க்கவில்லை. அவர் பெயரைத் தாங்கிய துப்பாக்கிகள் மொத்தம் ஒரு கோடியே 70 இலட்சம் வரை செய்யப்பட்டதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்து மட்டுமல்ல, ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், கொல்கத்தா அருகே இஷாப்பூர் ஆகிய இடங்களிலும் அவை உருவாயின. இஷாப்பூரில் செய்தவற்றில் மகுடத்தின் கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்றிருக்கும். கடைசி எழுத்து பேரரசர் என்பதைக் குறிக்கும்.

அந்த மகுடம் நம் ஊரில் ஒரு விசித்திரமான நிலைக்கு ஆளானது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17ல், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பிரிட்டிஷ் படை விட்டுப்போன ஆயுதங்கள் பிறகு இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்தன. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படை முகாம் திறந்தது. சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமியின் தலைமையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பழகினார்கள். பால்மரம் வெட்டிய கைகள் பேரரசரை எதிர்க்கப் பிடித்த துப்பாக்கி பேரரசரின் படைக்கு உரியது.

இப்படிக் கைமாறியதை எந்த முத்திரையும் சொல்லாது. மற்ற சிலவற்றைச் சொல்லும். அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், உபரி என்று அரசே விற்றுவிட்டது. 'எஃப்.டி.ஆர்.' என்றால் ஆலையில் முழுதாகப் பிரித்துச் சீர்செய்தது, கூடவே ஆண்டும் இருக்கும். 'டி.பி.' என்றால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். தாழின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், வாழ்நாளில் எங்கோ பாகம் மாற்றியிருக்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு இஷாப்பூரில் மகுடத்தின் இடத்தை அசோகர் சிங்கம் பிடித்தது. 1960களில் அதே ஆலை, லீயின் இயக்கமுறையை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றிப் புதிய துப்பாக்கிகளையே செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை, 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் தன் 'த்ரீ நாட் த்ரீ'க்கு விடை கொடுத்தது. லீ இறந்து அப்போது 116 ஆண்டுகள் நிறைவடையவிருந்தன.