எழுத்துக்களின் வரிசையைக் கலைத்தவர்

கணினிப் பொருள்கள் விற்கும் கடையொன்றிலே ஓர் இளைஞன் நிற்கின்றான். தன் வாழ்நாளிலே முதன்முறையாகப் பொறிமுறை விசைப்பலகை ஒன்றை வாங்குவதற்கு வந்திருக்கின்றான். பகலிலே நிரல் எழுதுவதற்கும் இரவிலே கணினி விளையாட்டு ஆடுவதற்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவன் விருப்பம். விசை ஒவ்வொன்றின் கீழும் தனித்தனியே வில் பொருத்திய இப்பலகைகளிலே சிவப்பு, மண்ணிறம், நீலம் என வகைகள் உள்ளன. சிவப்பு தடையின்றி இறங்கும். மண்ணிறம் நடுவழியில் விரலுக்கு ஒரு சிறு தடக்கை உணர்த்தும். நீலமோ அந்தத் தடக்கோடு ஒலியும் எழுப்பி, அயலில் உறங்குவோரையும் எழுப்பும். இளைஞன் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கின்றான், விலை கேட்கின்றான், உடன் வந்த நண்பனோடு வாதிடுகின்றான். ஒன்றைப் பற்றி மட்டும் அவன் கேட்பதில்லை. மேல் வரிசையிலே கியூ, டபிள்யூ, ஈ, ஆர், ரீ, வை என்று எழுத்துக்கள் ஏன் இப்படி முறை பிறழ்ந்து நிற்கின்றன? விளையாட்டிலே முன்னும் பின்னும் பக்கங்களிலும் நகர்வதற்குத் தன் இடக்கை விரல்கள் டபிள்யூ, ஏ, எஸ், டீ என்ற நான்கையும் தேடிப் போகின்றனவே, அவற்றை அவ்விடத்தில் அமர்த்தியவர் யார்?

வாங்குபவனுக்கு விடப்படாத அந்தத் தெரிவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் செய்து வைத்துவிட்டார். அவர் கிறிஸ்தோபர் லதம் ஷோல்ஸ். தாம் செய்த அந்தத் தெரிவிலே அவரே இறுதிவரை திருப்தி கொள்ளவில்லை என்பதுதான் அவர் வரலாற்றின் விந்தை.

ஷோல்ஸ் 1819ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூர்ஸ்பேர்க் என்னும் சிற்றூரிலே பிறந்தார். இளமையிலேயே டான்வில் நகரத்து அச்சுக்கூடமொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலை அது. பிற்காலத்திலே எழுத்துக்களை எங்கே வைப்பது என்று ஆண்டுக் கணக்கில் தலையை உடைத்துக்கொண்ட மனிதர், அச்சுக் கோப்பவராகவே உலக வாழ்வைத் தொடங்கினார் என்பது நினைவில் வைக்கத் தக்கது. அச்சுக் கோப்பவனுடைய தட்டிலே எழுத்துக்கள் அகர வரிசையில் இருப்பதில்லை; அடிக்கடி வேண்டப்படுவன கைக்கு அண்மையிலும், அருகி வருவன எட்டத்திலும் இருக்கும். நெடுங்கணக்கின் வரிசை வேறு, கைக்கு வசதியான வரிசை வேறு என்ற பாடத்தைப் பதினைந்து வயதிலேயே அவர் விரல்கள் கற்றிருந்தன.

தொழில் பயின்று முடிந்ததும், 1837இல், தம் சகோதரர்களைப் பின்பற்றி மேற்கே விஸ்கொன்சின் பிரதேசத்துக்குப் போனார். அங்கே பத்திராதிபரானார், அரசியலிலும் புகுந்தார். அடிமை முறையை எதிர்த்தோர் அணியில் நின்று, மாநிலத்தின் மூதவையிலும் சட்ட சபையிலும் மாறி மாறி அங்கம் வகித்தார். அவருடைய அரசியல் வாழ்விலே ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஈண்டு விரித்துரைத்தல் வேண்டும்.

1851ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அவர் பத்திரிகை நடத்திய கெனோஷா நகரிலே, மனைவியைக் கொன்ற ஒருவனைத் தூக்கிலிட்டார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டனர். கயிற்றிலே தொங்கியவனின் உயிர் உடனே பிரியவில்லை; கால் மணி நேரத்துக்கும் மேலாக நாடி ஓடிக்கொண்டிருந்தது. இக்கொடுமை ஷோல்ஸின் உள்ளத்தைச் சுட்டது. தம் பத்திரிகையிலே மரண தண்டனைக்கு எதிராக இடையறாது எழுதினார். சட்ட சபை உறுப்பினராகி அங்கேயும் போராடினார். 1853இல் விஸ்கொன்சின் மரண தண்டனையை ஒழித்தது. இன்றுவரை அந்த மாநிலம் அதனை மீட்டும் கொண்டுவரவில்லை. தட்டெழுத்துப் பொறியைப் பற்றி எழுதுவோர் பலர் இதனைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இஃதொன்றே ஒருவரின் பெயரை நினைவில் நிறுத்தப் போதுமானது என்பது எமது எண்ணம்.

மில்வோக்கி நகருக்குக் குடிபெயர்ந்த பின்னரும் பத்திரிகைத் தொழில் தொடர்ந்தது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவரை அந்நகரத் துறைமுகத்தின் சுங்க அதிபராக நியமித்தார். உத்தியோகம் கைக்கு ஓய்வைத் தந்தது. ஓய்வு அவரைப் பட்டறைக்கு இழுத்தது. மில்வோக்கியிலே கிளைன்ஸ்ரூபர் என்பவருடைய பட்டறை, புதுப் பொறிகளைக் கனவு காண்போர் கூடும் மடமாக விளங்கியது. அங்கே ஷோல்ஸும் சாமுவேல் சோல் என்ற அச்சுத் தொழிலாளரும் சேர்ந்து, நுழைவுச் சீட்டுக்களுக்கும் கணக்குப் புத்தகத் தாள்களுக்கும் தொடர் இலக்கம் பொறிக்கும் கருவியொன்றை அமைத்தனர். அதே பட்டறையில் உழுபொறியொன்றை அமைத்துக் கொண்டிருந்த கார்லொஸ் கிளிடன் அதனைப் பார்த்து, இலக்கத்தைப் பொறிக்கும் கருவி எழுத்தையும் சொல்லையும் ஏன் பொறிக்கலாகாது என்று வினவினார். 1867இல் விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த, வேறொருவருடைய எழுதும் பொறி பற்றிய கட்டுரையும் இவ்வினாவுக்கு எண்ணெய் வார்த்தது. மூவரும் ஒன்று சேர்ந்தனர்.

முதல் மாதிரிக்கு ஷோல்ஸ் எடுத்துக்கொண்டது தந்தி உத்தியோகத்தரின் பழைய விசையொன்று. அது டபிள்யூ என்ற ஒரே எழுத்தை மட்டும் தாளிலே பதித்தது. அந்த ஒற்றை எழுத்திலிருந்து முழு நெடுங்கணக்கும் கிளைத்தது. 1868ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பொறியின் விசைகளைப் பியானோ வாத்தியத்தின் கட்டைகளைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாக அமைத்திருந்தனர். எழுத்துக்கள் ஏறத்தாழ அகர வரிசையிலே நின்றன: முற்பாதி ஒரு நிரையிலும் பிற்பாதி மற்றொரு நிரையிலும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் தனி விசை இல்லை. ஓ என்ற எழுத்தையும் ஐ என்ற எழுத்தையும் கொண்டே சமாளித்தனர்.

இதன் பின்னரே உண்மையான சோதனை தொடங்கிற்று. முன்னொரு காலத்தில் பத்திரிகைத் தொழிலில் உடனிருந்த ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்பவருக்கு, புதிய பொறியிலேயே அச்சடித்த கடிதமொன்றை ஷோல்ஸ் அனுப்பினார். டென்ஸ்மோர் பருத்த உடலும் உரத்த குரலும் முரட்டுப் பிடிவாதமும் உடையவர். பொறியைக் கண்ணாலும் காணாமல் 600 டொலர் கொடுத்து அதில் காற் பங்கு வாங்கினார். பிறகு வந்து பார்த்தார்; கருத்து நன்று, கருவி உதவாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சோலும் கிளிடனும் மெல்ல விலகினர். மென்மையான சுபாவமும் நலிந்த உடம்புமுடைய ஷோல்ஸ், அந்த முரடரின் பிடியிலே அகப்பட்டுக்கொண்டார்.

டென்ஸ்மோர் பொறிகளை வொஷிங்டனிலிருந்த ஜேம்ஸ் கிளெஃபேன் என்ற சுருக்கெழுத்தாளரிடம் அனுப்பி வைத்தார். கிளெஃபேன் ஈவிரக்கமின்றித் தட்டித் தட்டி ஒவ்வொரு பொறியையும் உடைத்து, குற்றங் குறைகளை நீண்ட பட்டியலாக எழுதித் திருப்பி அனுப்புவார். ஷோல்ஸ் சலித்துச் சினந்து, இனி இவ்வேலையே வேண்டாமென்பார். குறை வெளியார் கையில் தெரிவதிலும் நம் கையில் தெரிவதே மேல் என்று டென்ஸ்மோர் அவரை மீண்டும் பட்டறைக்குத் தள்ளுவார். இவ்வாறு ஐந்தாண்டுகளிலே இருபத்தைந்து, முப்பது மாதிரிகள் உருவாயின. நல்ல ஆசிரியர் ஒருவர் கட்டுரைக் கொப்பியைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தருவது போன்றதே கிளெஃபேனின் செயல் என்று இப்போது நமக்குத் தோன்றுகின்றது. வாங்கிய கைக்கு அப்பொழுது அப்படித் தோன்றியிராது.

எழுத்துக்களின் வரிசை குலைந்தது இந்த ஆண்டுகளிலேதான். அப்பொறியிலே எழுத்துத் தலைகளைத் தாங்கிய மெல்லிய உலோகக் கோல்கள், ஒரு கூடையின் விளிம்பைச் சுற்றித் தொங்குவன போல வட்டமாகத் தொங்கும். விசையைத் தட்டினால் கோல் மேலெழுந்து தாளை அடியிலிருந்து அடிக்கும். பின்னர் தன் பாரத்தினாலேயே கீழே விழும். அயலயலான இரு கோல்களை விரைந்து தட்டினால் இரண்டும் வழியிலே சிக்கிக்கொள்ளும். ஆகையினால், ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வரும் எழுத்துக்களின் கோல்களைத் தூர விலக்கும்பொருட்டே வரிசை மாற்றப்பட்டது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் காரணம். ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2011இல் இதனை மறுத்தனர். முதலிலே இப்பொறியைக் கையாண்டவர்கள் தந்தியைக் கேட்டு எழுதியவர்கள். அவர்களுடைய காதுக்கு ஒன்றுபோல ஒலித்து மயக்கந் தரும் எழுத்துக்களை ஒன்றன் அருகே ஒன்றாக வைக்கும் தேவை இருந்தது. வரிசை சிறிது சிறிதாக அவர்கள் சொற்படி மாறிற்று என்பது அவர்கள் கொள்கை. இரண்டிலும் உண்மை இருக்கலாம். தட்டுபவரின் வேகத்தை வேண்டுமென்றே தணிப்பதற்காகவே ஷோல்ஸ் இவ்வாறு செய்தார் என்று சிலர் கூறித் திரிவது மட்டும் அவருக்கு இழைக்கும் அநீதி. சிக்கலின்றி விரைவதற்கு வழி தேடிய மனிதர் அவர்.

பழைய நெடுங்கணக்கு முற்றாக அழிந்துவிடவுமில்லை. நடு வரிசையை நோக்குக: டீ, எஃப், ஜீ, எச், ஜே, கே, எல் என்று அகர வரிசையின் எலும்புகள் இன்றும் தெரிகின்றன. 1872இல் ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்திலே, ஏ கீழ் வரிசையின் தொடக்கத்திலும் ஆர் அதன் கடைசியிலும் கிடந்தன. அந்நிலையிலேயே பலகை உறைந்திருக்குமானால், நம் இளைஞனின் விரல்கள் விளையாட்டிலே வேறு நான்கு எழுத்துக்களைத் தேடியிருக்கும்.

1873 மார்ச் மாதத்தில் டென்ஸ்மோர் பொறியை நியூயோர்க் மாநிலத்து இலியன் நகரிலிருந்த றெமிங்டன் கொம்பனியிடம் கொண்டுபோனார். அவர்கள் துப்பாக்கி செய்பவர்கள். உள்நாட்டு யுத்தம் 1865இல் முடிந்தபின் வேறு தொழில் தேடித் தையல் இயந்திரமும் செய்யத் தொடங்கியிருந்தார்கள். எனவே 1874இல் சந்தைக்கு வந்த தட்டெழுத்துப் பொறி தையல் இயந்திரத்தின் தங்கை போலவே இருந்தது: உடம்பெங்கும் பூவேலை, தாளைப் பின்னே இழுக்கக் காலால் மிதிக்கும் மிதி. விலை 125 டொலர். பெரிய எழுத்துக்கள் மட்டுமே அதில் உண்டு; அடிப்பது என்னவென்று அடிக்கும்போது கண்ணால் காணவும் இயலாது. ஆர் மேல் வரிசைக்கு ஏறியது இந்தக் கட்டத்திலே. ஆங்கிலத்திலே தட்டெழுத்துப் பொறியின் பெயரை மேல் வரிசையைக் கொண்டே அடித்துக் காட்டி விற்பனையாளர் வியக்க வைப்பதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டதென ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அப்பெயர் அந்த வரிசைக்குள் அடங்குவது மெய். வாசகர் அடித்துப் பார்க்கலாம்.

உரிமையை விற்க வேண்டிய நேரம் வந்தது. ஷோல்ஸ் 12,000 டொலரை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். டென்ஸ்மோரோ விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் பங்கு கேட்டார். பெருஞ் செல்வராய் மாண்டார். பத்துப் பிள்ளைகளின் தந்தைக்குக் கையிலுள்ள காசு வலிதாகத் தோன்றியதிலே வியப்பில்லை. அன்றியும், முதல் சில ஆண்டுகள் பொறி விலை போகாமலே கிடந்தது. 1878இல் சிறிய எழுத்துக்களையும் சேர்த்து இரண்டாம் வகைப் பொறியை வெளியிட்ட பின்னரே வாணிபம் சூடு பிடித்தது. நியூயோர்க்கில் கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கம் 1881இல் பெண்களுக்குத் தட்டெழுத்துக் கற்பிக்கத் தொடங்கிற்று. காரியாலயங்களின் கதவு பெண்களுக்குத் திறந்தது. தம் மகள் லிலியனைப் பொறியின் முன் அமர்த்திப் படம் எடுப்பித்த தந்தைக்கு, பணத்திலும் இதுவே பெரிய ஊதியமாகப்பட்டது.

ஆனால், பிள்ளைகள் கற்கக் கற்க வரிசை இறுகிற்று. 1888இல் சின்சினாற்றி நகரிலே நடந்த போட்டியில், பிராங் மக்கரின் என்பவர் பலகையைப் பாராமலே பத்து விரல்களாலும் றெமிங்டன் பொறியில் அடித்து, வேறு வகைப் பலகையைப் பயன்படுத்திய லூயி ட்ரோப் என்பவரை வென்றார். வென்றது விரல்களின் பயிற்சியா, பலகையின் ஒழுங்கா என்று எவரும் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. பெரிய கொம்பனிகள் 1893இல் ஒன்றிணைந்தபோது அவ்வரிசையே பொதுவரிசையாயிற்று. பின்னர் பிற மொழிகளுக்கும் பொறி பரவியது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ் எழுத்துக்களை அச்சிறிய பலகைக்குள் அடக்கிய அருமை தனிக் கட்டுரைக்கு உரியது.

மில்வோக்கியில் இருந்த ஷோல்ஸ் இதற்கிடையிலே சும்மா இருக்கவில்லை. உரிமையை விற்றுவிட்டாரேயன்றி, உள்ளத்தை விற்கவில்லை. சயரோகம் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இடையிலே புதிய பொறிகளை வரைந்துகொண்டேயிருந்தார். 1889இலே, தாம் முன்னர் வகுத்த வரிசையினின்று முற்றும் வேறுபட்ட எழுத்தொழுங்கு கொண்ட பலகையொன்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன் மேல் வரிசை எக்ஸ், பீ, எம், சீ, எச் என்று தொடங்கியது. எழுபது வயதிலே, உலகம் முழுவதும் மனப்பாடம் செய்யத் தொடங்கிய பாடத்தை, எழுதியவரே அடித்துத் திருத்த முனைந்தார்.

1890 பெப்ரவரி 17ஆம் நாள் அவர் இறந்தார். கோரிய காப்புரிமை 1896இல், இறந்து ஆறாண்டு கழித்து, அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அதற்குள் இலியன் தொழிற்சாலையிலிருந்து பழைய வரிசையோடு பொறிகள் ஆயிரக்கணக்கிலே வெளியேறிக்கொண்டிருந்தன.