மாஸ்டர் இராமச்சந்திரர்

வரைபுத்தாளிற் புள்ளிகளைக் குறித்து வளைகோடு வரைய நம் மாணவர் அறிவர். புள்ளி குறிக்குமுன்பே அவ்வளைகோட்டின் வடிவைச் சமன்பாட்டிற் காண்போர் சிலரே. அக்கலையில் வல்லவரான டில்லி ஆசிரியர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

பானிப்பத்தில் 1821 இற் பிறந்த இராமச்சந்திரர் இளமையிலேயே தந்தையை இழந்தார். 1844 இல் டில்லிக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்து, மேனாட்டு அறிவை உருது மொழியிற் புகட்டினார். பாஸ்கரர் போன்றோர் வளர்த்த அட்சரகணிதமே நம்மவர் இயல்புக்கு உகந்ததென்பது அவர் துணிபு. ஆதலின், உயர்வு இழிவுப் பெறுமானங்களை நுண்கணிதமின்றிக் காணும் நூலொன்றை 1850 இற் கல்கத்தாவிலே தம் கைப்பொருள் செலவிட்டு அச்சேற்றினார்.

அவர் முறையைக் கொட்டகலை லயமொன்றின் காய்கறித் தோட்டத்தில் வைத்துக் காட்டுவோம். நாற்பது கெஜ வேலியால் நீள்சதுர நிலம் அடைக்கவேண்டும். ஒரு பக்கம் ய ஆயின், பரப்பு ப = ய(20 − ய). இதனைத் தீர்த்தால் ய = 10 ± √(100 − ப). பரப்பு 100 ஐ விஞ்சின் மூலக்குறியினுள் எதிர்க்கணியம் வரும். அத்தகைய தோட்டம் இல்லை. எனவே 100 சதுர கெஜமே உச்சம்; பக்கம் 10, நிலம் சதுரம். வளைகோடும் தானே புலப்படுகின்றது. 10 இன் இருமருங்கும் ஒத்துச் சரியும் பரவளைவு அது. அதன் சிகரம் (10, 100).

இதே வினாவை அடுக்குக்குறிச் சார்பிடமும் கேட்கலாம். 2 இன் ய ஆம் அடுக்கு எந்த நேர்ப்பெறுமானத்தையும் அடையும். பூச்சியத்தை ஒருபோதும் அடையாது. ஆகவே அவ்வளைகோட்டுக்குச் சிகரமில்லை. இடப்புறம் கிடையச்சை நெருங்கியும் தொடாது. (0, 1) இற் குத்தச்சை வெட்டி மேலேறும்.

கல்கத்தாப் பத்திரிகைகள் நூலை மதிக்கவில்லை. நுண்கணிதம் விரைவில் முடிப்பதை இவர் வருந்தி முடிக்கின்றார் என்பது உண்மையே. எனினும் அது குறையென்று யாம் கருதோம். பெதூன் துரை இலண்டன் பேராசிரியர் டி மோர்கனுக்குப் பிரதி அனுப்ப, அவர் முயற்சியால் 1859 இல் அந்நூல் இலண்டனில் மறுபதிப்பாயிற்று. கும்பினியார் 2,000 ரூபாவும் பட்டாடையும் வழங்கினர். இடையில், 1852 இற் கிறித்தவரானமையால், 1857 கிளர்ச்சியில் ஒளிந்தே உயிர்தப்பினார். பின்னர் டில்லியிலே தலைமையாசிரியராயிருந்து, 1866 இல் ஓய்வுபெற்று, பட்டியாலாவிற் கல்விப்பணி புரிந்து, 1880 இற் காலமானார்.