ஹென்றி ஃபோர்டு: ஜெயிச்ச பிடிவாதமே கம்பெனியைச் சாய்த்தது எப்படி?

சாமானியர்களையும் கார் வாங்க வைத்தவர் ஹென்றி ஃபோர்டு. தன் கம்பெனியைத் திவால் பயத்துக்குக் கொண்டுபோனவரும் அவரேதான். இரண்டுக்கும் பின்னால் இருந்தது, தான் நினைப்பதே சரி என்ற பிடிவாதம்.

ஏறுமுகம்

1863-ல் மிச்சிகனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் வந்தது மாடல் டி கார். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 850 டாலர் கார், போகப் போக 300 டாலருக்கும் கீழே வந்தது. 1921-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் ஃபோர்டுதான்!

தட்டிக்கேட்க ஆள் இல்லை

1919-ல் மற்ற பங்குதாரர்கள் எல்லோருடைய பங்கையும் வாங்கிவிட்டார். மகன் எட்செல் பெயருக்குத்தான் தலைவர். கடைசி முடிவு அப்பாவுடையது. உற்பத்தியில் கில்லாடியான வில்லியம் நுட்சன் 1921-ல் வெளியேறி, அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து செவ்ரோலேவை வளர்த்தார்.

ஜெனரல் மோட்டார்ஸ் பல கலர், பல மாடல், தவணை வசதி என்று இறங்கியது. ஃபோர்டோ 1925 வரை கறுப்பு நிறம் மட்டுமே தந்தார். புது மாடல் அவசியம் என்று 1926-ல் 6 பக்க அறிக்கை கொடுத்தார் எட்செலின் சகலை எர்னெஸ்ட் கான்ஸ்லர். சில மாதங்களில் அவரது வேலை போச்சு.

கொடுத்த விலை

விற்பனை சரிந்ததால் 1927-ல் மாடல் டி நின்றது. மாற்று கார் தயாராக இல்லை. தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் முடங்கின. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அந்த ஆண்டு செவ்ரோலே முந்தியது. பிறகு வந்த மாடல் ஏ நன்றாகவே விற்றது. ஆனாலும் பழைய முதலிடம் நிலைக்கவில்லை.

1943-ல் எட்செல் 49 வயதில் இறந்தார். 80-ஐ நெருங்கிய ஃபோர்டு மீண்டும் தலைவரானார். கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியது. பங்குகளை விற்றுவிடுவேன் என்று எட்செலின் மனைவி எலினார் மிரட்டிய பிறகே, 1945-ல் 28 வயதுப் பேரன் கைக்குப் பொறுப்பு போனது. அவர் செய்த முக்கியமான வேலை, வெளியிலிருந்து அனுபவசாலிகளை அழைத்து வந்ததுதான். கம்பெனி பிழைத்தது. 1947-ல் ஃபோர்டு காலமானார்.

ஆரம்பத்தில் பிறர் சந்தேகப்பட்டபோது ஃபோர்டின் பிடிவாதம் ஜெயித்தது. கேள்வி கேட்பவர்கள் எல்லாம் வெளியேறிய பிறகு, அதன் தவறைச் சுட்டிக்காட்ட யாருமே மிஞ்சவில்லை. உங்கள் ஆபீஸில் பாஸ் எவ்வளவு திறமைசாலி என்பதோடு, அவரிடம் மாற்றுக் கருத்து சொன்னவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.